கலையில் நகையும் உவகையும்

கிரேக்க நாட்டு ஏதென்சு நகருக்கு அண்மையிலுள்ள தீவுகளுள் ஏகினா என்பது ஒன்று. அங்கே அபாயா என்னும் பெண்தெய்வத்துக்குக் கி.மு. 500ஆம் ஆண்டையொட்டிய காலத்தில் ஒரு கோயில் எழுப்பப்பெற்றது. அதன் முகப்புக்களின் உச்சியிலுள்ள முக்கோண மாடங்களில் திரோயப் போர்க் காட்சிகளைச் சிற்பிகள் அமைத்தனர். மேற்கு மாடத்திலே வீழ்ந்து கிடக்கும் வீரன் ஒருவன் தன் மார்பிற் பாய்ந்த அம்பைத் தன் கையாலேயே பறிக்க முயல்கின்றான். உயிர் பிரியும் அவ்வேளையிலும் அவன் இதழ்களிற் புன்முறுவல் தவழ்கின்றது. இன்று செருமனியின் மியூனிக்கு நகரில் வைக்கப்பெற்றுள்ள இச்சிற்பத்தைக் காண்போர், நோவிடைத் தோன்றும் இம்முறுவலின் பொருள் யாது என வினவாது செல்வதில்லை.

இவ்வினாவுக்குக் கலை வரலாற்றறிஞர் கூறும் விடை எளியது. அக்காலக் கிரேக்கச் சிற்பிகள் தாம் செதுக்கிய உருவங்களுக்கெல்லாம் அம்முறுவலை வழங்கினர். அது மகிழ்ச்சியின் குறியன்று; கல்லில் உயிருண்டு எனக் காட்டும் குறி. ஏதென்சு நகரை அடுத்த மெரெண்டா என்னுமிடத்தில் 1972ஆம் ஆண்டு அகழ்ந்தெடுக்கப்பட்ட பிராசிக்கிளேயா என்னும் கன்னியின் சிலையும் இதற்குச் சான்றாகும். மணமாலை சூடுமுன்னரே மாண்ட அப்பெண்ணின் கல்லறைமேல் கி.மு. 6ஆம் நூற்றாண்டில் நாட்டப்பெற்ற அவ்வுருவம், கையில் தாமரை மொட்டு ஏந்தி, இதழில் அதே முறுவலுடன் நிற்கின்றது. ஏகினாக் கோயிலின் கிழக்கு மாடம் மேற்கு மாடத்துக்குச் சில ஆண்டுகள் பிற்பட்டது. அங்கே வீழ்ந்து சாயும் வீரனின் முகத்தில் முறுவல் மறைந்து நோவு தோன்றத் தொடங்குகின்றது. ஒரே கோயிலின் இருபுறமும் நின்று நோக்குவோர், கிரேக்கச் சிற்பம் மரபான முறுவலைக் கைவிட்டு மெய்யான உணர்ச்சியை நாடிய வரலாற்றையே காண்கின்றனர்.

முறுவலைக் கண்டவுடன் மகிழ்ச்சி எனத் துணிவது தவறு என்பதை இச்சிற்பங்கள் அறிவுறுத்துகின்றன. தமிழிலக்கண மரபு இவ்வேறுபாட்டை நெடுங்காலத்துக்கு முன்னரே உணர்ந்திருந்தது. தொல்காப்பியர் மெய்ப்பாடுகள் எட்டெனக் கொண்டு, நகையை முதலிலும் உவகையை இறுதியிலும் வைத்தார். இரண்டும் ஒன்றாயின் இருமுறை எண்ணவேண்டியதில்லை. நகை, பிறரை இகழ்தலாலும் இளமையாலும் அறியாமையாலும் பிறப்பது. உவகைக்கோ வேறு நான்கு நிலைக்களன்கள் கூறப்பட்டன: நுகர்தற்குரிய செல்வம் ஒன்று, புலன் எனப்பட்ட அறிவுடைமை ஒன்று, அன்புடையார் கூடும் புணர்வு ஒன்று, ஆறும் குளமும் சோலையுமாகிய இடங்களிற் சென்று ஆடும் விளையாட்டு ஒன்று. இவற்றுள் எதுவும் இதழ் விரிதலைக் கட்டாயமாக வேண்டுவதில்லை.

செய்யுளுக்கென வகுத்த இப்பகுப்பை ஓவியத்துக்கும் சிற்பத்துக்கும் உரைகல்லாகக் கொள்ளின் பயனுண்டு. சிரித்த முகங்களைத் தேடுவதை விடுத்து, எவ்வெக் காலத்து மக்கள் எதனை உவகையெனக் கருதித் தீட்டினர் என வினவ அது வழி செய்கின்றது. அவ்வாறு தேடுமிடத்து வியப்பூட்டும் செய்தியொன்று புலப்படுகின்றது. உலகம் போற்றும் உவகைச் சித்திரங்களுட் பல, கவலையற்ற காலத்துக் கவலையற்ற மாந்தர்க்கெனத் தீட்டப்பட்டவை அல்ல. அவை கல்லறைகளிலும், வீழ்ந்த அரசுகளின் நிழலிலும், தூக்குமரத்தின் அருகிலும் பிறந்தவை. உவகையைத் தீட்டிய கலைஞர் துன்பத்தை அறியாதவரா, அறிந்தும் மறைத்தவரா, அன்றி அறிந்தே விடை கூறியவரா என்பதே ஆராயத்தக்கது.

முதற்கண் செல்வத்தால் வரும் உவகையை நோக்கலாம். எகிப்து நாட்டின் தீப்சு நகரில் ஏறத்தாழக் கி.மு. 1350இல் வாழ்ந்தவன் நெபாமுன் என்பான். அமுன் தேவனின் கோயிலில் தானியக் கணக்கு எழுதும் அலுவலன் அவன், அரசனுமல்லன், படைத்தலைவனுமல்லன். அவனுடைய கல்லறை மண்டபத்துச் சுவர்களிலிருந்து 1820ஆம் ஆண்டளவிற் பெயர்த்தெடுக்கப்பட்ட ஓவியத் துண்டுகள் இலண்டனிலுள்ள பிரித்தானிய நூதனசாலையில் உள்ளன. ஒன்றில் நெபாமுன் நாணற் படகேறிச் சதுப்பு நிலத்துப் பறவைகளை வேட்டையாடுகின்றான். மனைவியும் மகளும் உடனிருக்கின்றனர். அவர்களது பூனையும் பறவைகளைக் கவ்வித் தானும் வேட்டையிற் பங்குகொள்கின்றது. மற்றொன்றில் விருந்தினர் தாமரை மலரை முகர்ந்திருக்க, இசைமகளிர் குழலூதுகின்றனர், ஆடன்மகளிர் ஆடுகின்றனர். பிறிதொன்றில் மீனும் வாத்தும் தாமரையும் நிறைந்த சோலைக்குளம் ஒன்று காட்சியளிக்கின்றது.

இவ்வோவியங்களில் எவரும் வாய்விட்டுச் சிரிப்பதில்லை. நெபாமுனின் முகமும் அமைதியாகவேயுள்ளது. உவகை முகத்தில் இல்லை. நிறைந்த குளத்திலும், எண்ணிக் கணக்கிடப்படும் வாத்துக் கூட்டத்திலும், மனைவியின் மெல்லிய ஆடை மடிப்பிலும் அது பரந்துள்ளது. மேலும், இது நடந்ததைப் பதிந்த ஓவியமும் அன்று. மணிக்கழுத்தணியும் விருந்துக்குரிய பட்டமும் பூண்டு சதுப்பு நிலத்தில் வேட்டைக்குச் செல்வார் உளரோ? நிகழ்ந்ததை நினைவூட்டுதல் அதன் நோக்கமன்று. இறந்தபின் என்றும் நிகழவேண்டுவதை உறுதி செய்தலே நோக்கம். தீட்டப்பட்ட குளம் வற்றாது. தீட்டப்பட்ட பறவை தப்பாது. ஆயினும் எகிப்தியர் ஐயமே இல்லாதவர் என எண்ணுதல் பொருந்தாது. யாழிசைப்போன் உருவத்தினருகே பொறிக்கப்பட்ட பாடல்களுட் சில, சென்றவர் எவரும் மீண்டு வந்து அந்நாட்டின் செய்தியைக் கூறியதில்லை, ஆதலின் இருக்கும் நாளை இனிதாகக் கழிப்பீர் என்னும் கருத்துடையன. உறுதிமொழியும் ஐயமும் கல்லறை மரபில் அருகருகே நிற்கின்றன. நம்பிக்கை முற்றும் நிறைந்திருப்பின் இத்துணை நுட்பமாக ஓவியம் தீட்டவேண்டிய தேவை எழாது. நம்பிக்கை முற்றும் அற்றிருப்பின் தீட்டும் கை எழாது.

புணர்வால் வரும் உவகைக்கு இத்தாலி நாட்டின் தொன்மக்களாகிய எத்துருசுக்கரின் கலை சிறந்த எடுத்துக்காட்டாகும். உரோமர் மேலெழுமுன் நடு இத்தாலியிற் செழித்து வாழ்ந்த இம்மக்களின் எழுத்துக்களைப் படிக்க முடிந்தும், மொழியின் பொருளை முற்ற உணர முடியவில்லை. ஆதலின் அவர்களைப்பற்றி உலகம் அறிந்தவற்றுட் பெரும்பகுதி அவர்களது கல்லறைகள் கூறியதே. செர்வெத்திரி என்னும் ஊரில் 1881இல் ஏறத்தாழ 400 துண்டுகளாகக் கண்டெடுத்துப் பொருத்தப்பட்ட சுடுமண் பேழை ஒன்று உரோம் நகரின் வில்லா சூலியா நூதனசாலையில் உள்ளது. கி.மு. 6ஆம் நூற்றாண்டின் இறுதியளவிற் செய்யப்பட்ட அப்பேழையின்மேல், விருந்துக் கட்டிலில் கணவனும் மனைவியும் ஒருங்கு சாய்ந்திருக்கின்றனர். கணவனின் கை மனைவியின் தோளைத் தழுவியுள்ளது. அவள் கைகள் ஏதோவொன்றைப் பகிர்வன போல நீண்டுள்ளன. இருவரும் உரையாடலின் நடுவே இருப்பதுபோலத் தோன்றுகின்றதேயன்றி மாண்டார் போலத் தோன்றவில்லை.

இக்காட்சியின் அருமையை உணரக் கிரேக்கர் வழக்கத்தை ஒப்புநோக்கல் வேண்டும். கிரேக்க விருந்துகளிற் குலமகளிர் கணவரோடு ஒரே கட்டிலிற் சாய்ந்து உண்ணும் வழக்கம் இல்லை. எத்துருசுக்கப் பெண்களின் உரிமை வாழ்வைக் கண்ட கிரேக்க ஆசிரியர் அதனை இழிவென எழுதினர். பிற நாட்டார் இழிவெனக் கண்ட அதனையே எத்துருசுக்கர் என்றும் நிலைக்கவேண்டிய பேறு எனக் கல்லறைமேல் வைத்தனர். தார்க்குவீனியா நகரின் கல்லறைச் சுவர்களிலும் இவ்வுள்ளமே விளங்குகின்றது. கி.மு. 5ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த சிறுத்தைக் கல்லறை என்பதில் இணைகளாகச் சாய்ந்து விருந்துண்போரும், குழலூதி யாழ் மீட்டி நடந்துவரும் இசைஞரும் செந்நிறத்தும் பச்சை நிறத்தும் பொலிகின்றனர். அதற்கும் முற்பட்ட வேட்டையும் மீன்பிடியும் என்னும் பெயருடைய கல்லறையில், பாறையுச்சியிலிருந்து சிறுவன் ஒருவன் கடலினுட் பாய்கின்றான்; வானெங்கும் பறவைகள் பறக்கின்றன.

ஆனால் இழப்பு நேர்ந்த இடமெல்லாம் கலையில் உவகை தானே மலரும் எனக் கருதுதல் பெரும் பிழையாகும். அதற்கும் எத்துருசுக்கரே சான்று. கி.மு. 396இல் அவர்களது பெருநகராகிய வேயி உரோமர் கைப்பட்டது. அடுத்து வந்த நூற்றாண்டுகளில் ஏனைய நகரங்களும் ஒன்றன்பின் ஒன்றாக உரிமை இழந்தன. இக்காலத்துக் கல்லறை ஓவியங்களில் விருந்துகள் மங்குகின்றன. நீலநிற உடலும் கையிற் சம்மட்டியும் உடைய சாருன் என்னும் கூற்றுவனும், பாம்புகள் பற்றிய கரங்களையுடைய துக்குல்கா என்னும் பேயும் சுவர்களில் தோன்றுகின்றனர். சாவு முன்னரும் இருந்தது, பின்னரும் இருந்தது. மாறியது சாவன்று, அதனை எதிர்நோக்கிய மக்களின் உள்ளமே. எனவே கல்லறையிற் களிப்பைத் தீட்டுதல் இயல்பாக நிகழும் செயலன்று. அதற்கு ஒரு துணிவு வேண்டும். அத்துணிவு ஒரு மக்களிடத்து இருக்கவும் கூடும், அவர்களை விட்டு நீங்கவும் கூடும்.

கல்லறையை விடுத்து, வீழ்ந்த அரசொன்றின் நிழலிற் பிறந்த சித்திரத்தை நோக்கின் அத்துணிவின் வேறொரு வடிவம் தோன்றும். சீன நாட்டிற் சுங் மரபினரின் தலைநகர் 1276இல் மொங்கோலியர்க்குப் பணிந்தது. 1279இல் அம்மரபே கடலோரப் போரில் அழிந்தது. இறுதிவரை பணியாத அமைச்சராகிய வென் தியன்சியாங் சிறையிலிடப்பட்டு 1283இற் கொல்லப்பட்டார். அவருக்கு அறிமுகமானவர்களுள் ஒருவர் ஓவியர் சோ துங்சிங். அவர் 1291ஆம் ஆண்டு ஏறத்தாழ 6 மீற்றர் நீளமான சுருளொன்றில் வரைந்த ஓவியம் இன்று நியூயோர்க்கு மாநகரக் கலைக்கூடத்தில் உள்ளது. அமைச்சர் கொலையுண்டு எட்டாண்டுகள் கழிந்த அவ்வேளையில் அவர் வரைந்தது யாது? போரன்று, புலம்பலன்று, நீரில் நீந்தும் மீன்கள். மீன்களின் இன்பம் என்பதே அவ்வோவியத்துக்கு வழங்கும் பெயர்.

இதன் கருத்து சீன ஞானியாகிய சுவாங்சுவின் நூலில் வரும் உரையாடலொன்றைச் சார்ந்தது. ஆற்றுப் பாலமொன்றில் உலாவிய சுவாங்சு, துள்ளித் திரியும் மீன்களைக் காட்டி, அவை இன்புறுகின்றன என்றார். மீனல்லாத உமக்கு மீனின் இன்பம் எவ்வாறு தெரியும் என உடன்வந்த தருக்கவாணர் வினவினார். நானல்லாத உமக்கு, எனக்குத் தெரியாதென்பது எவ்வாறு தெரியும் எனச் சுவாங்சு திரும்ப வினவி, இப்பாலத்தின்மீது நின்றே அதனை அறிந்தேன் என முடித்தார். சோ துங்சிங் தம் சுருளில் எழுதிவைத்த வரிகளும் இவ்வினாவையே எழுப்புகின்றன. மீனுக்குச் சிரிக்கும் முகம் இல்லை, செல்வம் இல்லை, அரசும் இல்லை. ஆதலின் அரசு வீழ்ந்தபோதும் அதன் இன்பம் வீழவில்லை. உற்ற அரசை இழந்த அறிஞன், பறிக்கப்பட முடியாத இன்பம் யாது எனத் தேடி, அதனை அறிதலிலேயே கண்டான் எனலாம். புலனால் வரும் உவகைக்கு இதனினும் தெளிவான உருவம் அரிது.

இனி விளையாட்டு. ஐரோப்பாவில் விளையாட்டின் உவகையை மிகுதியாகத் தீட்டியவர் நெதர்லாந்துப் பகுதியில் வாழ்ந்த பீற்றர் புரூகல் என்னும் ஓவியர். அவர் 1560இல் வரைந்த சிறுவர் விளையாட்டுக்கள் என்னும் ஓவியம் வியன்னா நகரில் உள்ளது. வளையமுருட்டல், பந்தாடல், பொய்க்கால் நடத்தல் என எண்பதளவிலான ஆட்டங்களில் இருநூற்றுக்கு மேற்பட்ட சிறுவர் ஈடுபட்டிருக்கின்றனர். அம்முகங்களை ஒவ்வொன்றாக நோக்கின் சிரித்த முகத்தைக் காண்டல் அரிது. விளையாடும் பிள்ளை சிரிப்பதற்கு விளையாடுவதில்லை. கருமமே கண்ணாக ஆடுகின்றது. நகை வேறு, உவகை வேறு என்பதை நெதர்லாந்து ஓவியர் தம் கண்ணாலேயே கண்டுணர்ந்தார்.

ஏழாண்டுகளின் பின் நாடு மாறியது. இசுப்பானிய மன்னன் இரண்டாம் பிலிப்பு அனுப்பிய அல்வாக் கோமகன் 1567இற் பெரும்படையுடன் பிரசல்சு நகரை அடைந்து, கலகக்காரரையும் சமயப் பிரிவினரையும் விசாரிக்கச் சிறப்பு மன்றம் ஒன்றை அமைத்தான். அம்மன்றத்தின் தீர்ப்பால் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். அடுத்த ஆண்டாகிய 1568இற் புரூகல் வரைந்த சிறிய ஓவியமொன்று செருமனியின் தாம்சுதாட்டு நகரில் உள்ளது. விரிந்த பள்ளத்தாக்கொன்றை நோக்கிய மேட்டில் தூக்குமரம் ஒன்று நிற்கின்றது. அதன் உச்சியில் ஒரு பறவை அமர்ந்திருக்கின்றது. அத்தூக்குமரத்தின் அருகிலேயே குடியானவர் கைகோத்து ஆடுகின்றனர். ஆடுவோர் மரத்தைக் காணாதவரல்லர். அது அவர்கள் கண்ணெதிரே உள்ளது. ஓவியர் அதனைப் படத்தினின்று நீக்கியிருக்கலாம், நீக்கவில்லை. ஆட்டத்தை நீக்கி அச்சத்தை மட்டும் வரைந்திருக்கலாம், அதுவும் செய்யவில்லை. மறு ஆண்டு புரூகல் இறந்தார். அவர் இவ்வோவியத்தைத் தம் மனைவிக்கு உரிமையாக்கிச் சென்றார் என, 1604இல் ஓவியர் வரலாறு எழுதிய கரேல் வன் மாந்தர் கூறுவர்.

இவ்வாறு உவகை முகத்தை விட்டு வெளியே உலாவியதெனினும், அது முகத்தில் தோன்றிய காலங்களும் உண்டு. பிரான்சு நாட்டின் இரீம்சு நகரப் பேராலயத்தின் வாயிலில் 13ஆம் நூற்றாண்டிற் செதுக்கப்பட்ட வானவர் உருவம் ஒன்று இறக்கை விரித்து, தலை சாய்த்து, மெய்யாகவே முறுவலிக்கின்றது. ஏகினா வீரனின் முறுவல் போல இது மரபுக்குச் செதுக்கப்பட்டதன்று. கண்ணும் கன்னமும் சேர்ந்து சிரிக்கும் சிரிப்பு. முதலாம் உலகப் போரின் தொடக்கத்தில், 1914 செப்டெம்பர் 19ஆந் திகதி, பீரங்கித் தாக்குதலால் ஆலயத்துச் சாரமரங்கள் தீப்பற்றி விழுந்தபோது அவ்வுருவத்தின் தலை உடைந்து சிதறியது. துண்டுகளைப் பொறுக்கி வைத்தனர். முன்னர் எடுத்து வைத்திருந்த அச்சுப் பிரதியொன்றின் துணைகொண்டு அவை பொருத்தப்பட்டு, 1926இல் தலை மீண்டும் தன் இடத்தை அடைந்தது. போரால் எத்தனையோ சிற்பங்கள் சிதைந்த நாட்டில் மக்கள் உள்ளத்திற் பதிந்தது அம்முறுவலின் வீழ்ச்சியும் மீட்சியுமே.

ஆயினும் மேனாட்டு உருவப்படங்களிற் பல்தோன்றச் சிரித்தல் நெடுங்காலம் இழிவெனவே கருதப்பட்டது. நாடோடியும் குடிகாரனும் அறிவிலியும் அவ்வாறு சிரிக்கலாம். மேன்மக்கள் இதழ் மூடியே காட்சியளித்தனர். நகை இகழ்ச்சியோடும் அறியாமையோடும் தொடர்புடையது என்னும் கருத்து அங்கும் வேரூன்றியிருந்தது போலும். பெண் ஓவியராகிய விசே லெ புரூன் தம் மகளை அணைத்தவாறு தம்மையே வரைந்த படத்தை 1787இற் பாரிசுக் கண்காட்சியில் வைத்தபோது, அவர் இதழிடையே பல் வெண்மையாகத் தோன்றியதைச் சுவைஞர் குறைகூறினர். தாய்மையின் உவகையை முகத்திற் காட்டத் துணிந்த அவர், ஈராண்டுகளின் பின் புரட்சி வெடித்தபோது அதே மகளை அழைத்துக்கொண்டு நாட்டைவிட்டு வெளியேற நேர்ந்தது. அப்படத்தை இன்று காண்போர் அச்சிரிப்பையும் அதன்பின் வந்ததையும் ஒருங்கே நினையாதிருத்தல் இயலாது.

இருபதாம் நூற்றாண்டில் உவகையையே தம் வாழ்நாட் பொருளாகக் கொண்டவர் பிரெஞ்சு ஓவியர் அன்றி மத்தீசு. வாழ்வின் இன்பம் எனப் பெயரிட்டு அவர் 1905, 1906ஆம் ஆண்டுகளில் வரைந்த பேரோவியத்தில், மஞ்சளும் செம்மையும் கலந்த சோலையில் மக்கள் குழலூதியும் தழுவியும் வட்டமாக ஆடியும் இருக்கின்றனர். இத்தகைய ஓவியம் உலகத் துன்பத்தைக் காண மறுக்கும் சுகவாசியின் கனவு எனக் கண்டித்தோர் உளர். அக்கண்டனத்துக்கு அவர் பிற்கால வாழ்வே விடையாக அமைந்தது. 1941இல் நடந்த கடும் அறுவைச் சிகிச்சையின் பின் அவர் பெரும்பாலும் கட்டிலிலும் சக்கர நாற்காலியிலும் வாழ்ந்தார். 1944இற் செருமானியப் படையினரை எதிர்த்த இயக்கத்துக்கு உதவிய குற்றத்துக்காக அவருடைய மனைவியும் மகளும் சிறைப்பட்டனர், மகள் வதைக்குள்ளானாள். தூரிகை ஏந்தி நெடுநேரம் நிற்க இயலாத அக்காலத்தில் அவர் கத்தரிக்கோலை ஏந்தினார். வண்ணம் பூசிய தாள்களை வெட்டி ஒட்டி அவர் அமைத்த இலைகளும் பறவைகளும் ஆடும் உருவங்களும் இளமையில் வரைந்த சோலையினும் ஒளி மிக்கன. சுகவாசியின் கனவாயின் சுகம் நீங்கியபோது அது கலைந்திருக்கவேண்டும், கலையவில்லை.

இதுகாறும் கூறியவற்றில் ஒரு பொதுத்தன்மை விளங்கும். நெபாமுனின் குளத்துக்கு அருகே அவன் பிணம் கிடந்தது. எத்துருசுக்க இணையர்க்குக் கீழே அவர் எச்சம் இருந்தது. சீன ஓவியரின் மீன்களுக்குப் பின்னே வீழ்ந்த அரசு நின்றது. புரூகலின் ஆட்டத்துக்கு அருகே தூக்குமரம் நின்றது. உவகையும் அழிவும் அண்டை வீட்டார் போல வாழ்ந்தன. ஆயினும் இரண்டாகவே வாழ்ந்தன. அவ்விரண்டையும் ஒரே உருவில் ஒன்றாக்கி வார்த்தவர் சோழர் காலத்துத் தமிழ்ச் சிற்பிகள்.

ஆனந்தத் தாண்டவம் என்னும் பெயரிலேயே உவகை அடங்கியுள்ளது. கூத்தப்பெருமானின் ஒரு கையிலுள்ள துடி படைப்பைக் குறிப்பது. மற்றொரு கையிலுள்ள தீ அழிப்பைக் குறிப்பது. சூழ்ந்திருப்பது சுடர்விடும் திருவாசி. திருவடியின் கீழ்க் கிடப்பவன் முயலகன். இத்தனை வேகத்தின் நடுவிலும் திருமுகம் அசைவற்று, மெல்லிய முறுவலுடன் விளங்குகின்றது. இங்கே தீயைப் படத்துக்கு வெளியே நிறுத்தவில்லை. தீயே ஆட்டத்தின் பகுதி. கொழும்பிற் பிறந்த கலைஞானி ஆனந்த குமாரசுவாமி இவ்வுருவின் கருத்தை விளக்கி எழுதிய கட்டுரை, 1918இல் நியூயோர்க்கில் வெளிவந்த அவர்தம் நூலுக்கே பெயராயிற்று. அதன்பின் மேனாட்டார் இதனை அச்சந்தரும் வேற்றுச் சமயத்தார் வடிவமாக நோக்காது, உலகக் கலையின் தலையாய படைப்புக்களுள் ஒன்றாக நோக்கத் தொடங்கினர்.

அப்பெருமானின் அருகே சிற்பிகள் வைத்த மற்றொரு வடிவமும் கருதத்தக்கது. முதலாம் இராசேந்திரன் எடுப்பித்த கங்கைகொண்ட சோழபுரத்துக் கோயிலில் ஆடும் இறைவனின் பாங்கரிலும், சோழர் மரபிலமைந்த செப்புத் திருமேனிகளிலும் காரைக்காலம்மையார் காணப்படுகின்றார். வணிகர் குலத்துச் செல்வ மகளாய்ப் பிறந்தவர், கணவனாற் கைவிடப்பட்டவர், அழகுடலை உதறிப் பேயுரு வேண்டிப் பெற்றவர் எனப் பெரியபுராணம் அவர் வரலாற்றைக் கூறும். எலும்பு தோன்றும் மெலிந்த உடலுடன், கையிற் தாளமேந்தி, இறைவனின் கூத்துக்கு இசை கூட்டியவராய் அவர் அமர்ந்திருக்கின்றார். செல்வம் இல்லை, புணர்வு இல்லை, இளமையின் விளையாட்டும் இல்லை. உவகைக்குரிய நிலைக்களன்களுள் மூன்று நீங்கிய பின்னும் அறிதலொன்றே எஞ்சி நிற்க, அம்முகத்தில் உவகை ததும்புகின்றது. அழகை உவகையின் இருப்பிடமெனக் கொள்வோர்க்கு அச்சிற்பி கூறிய மறுமொழி அது.

பொலன்னறுவையைச் சோழர் தலைநகராக ஆண்ட நினைவைக் கூறும் சிவாலயங்கள் இன்றும் அங்குள்ளன. 1907, 1908ஆம் ஆண்டுகளில் அங்கு நடைபெற்ற அகழ்வுகளில் மண்ணினுள்ளிருந்து நடராசர் உள்ளிட்ட செப்புத் திருமேனிகள் வெளிப்பட்டன. அவை கொழும்பு நூதனசாலையிற் பேணப்படுகின்றன. நகரம் அழிந்து, வழிபட்டோர் கலைந்து, காடு மூடிய பின் பல நூற்றாண்டுகள் அவை இருளிற் கிடந்தன. பூசையுமில்லை, விளக்குமில்லை, காண்பாருமில்லை. மண் நீக்கியபோது தூக்கிய திருவடி தூக்கியவாறே இருந்தது. முறுவலும் அவ்வாறே இருந்தது. உவகையை வார்த்த சிற்பி அழிவு வாராதென எண்ணி வார்த்தானல்லன். அழிவின் தீயையும் அதே செம்பில் வார்த்தான். உவகை என்பது துன்பம் இல்லாமை அன்று, துன்பத்துக்குக் கூறும் விடை என்பதை அத்திருமேனி ஒரு சொல்லுமின்றி உணர்த்துகின்றது.